துறையில் இறங்கும் காடு: வனப்பரப்பு, மர உற்பத்தி, தூத்துக்குடி

1

உலகத்தின் காடுகளைக் கண்டம் கண்டமாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் வேலையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. அதன் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் 406 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது. மொத்த நிலப்பரப்பில் 31 சதவீதம். இதில் ஐரோப்பாவுக்கு 101.7 கோடி, தென் அமெரிக்காவுக்கு 84.4 கோடி, வட, மத்திய அமெரிக்காவுக்கு 75.3 கோடி, ஆப்பிரிக்காவுக்கு 63.7 கோடி, ஆசியாவுக்கு 62.3 கோடி, ஓசியானியாவுக்கு 18.5 கோடி ஹெக்டேர். 2010க்கும் 2020க்கும் இடையில் ஆப்பிரிக்கா ஆண்டுக்கு 39 லட்சம் ஹெக்டேரையும் தென் அமெரிக்கா 26 லட்சம் ஹெக்டேரையும் நிகரமாக இழந்தன. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் காடு கூடியிருக்கிறது.

மர உற்பத்திக்கு வேறொரு பட்டியல். உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி கன மீட்டர் மரத்தை வெட்டுகிறது. அதில் பாதி விறகு. மறு பாதி அறுவை மில்லுக்கும் பலகைக்கும் காகிதத்துக்கும் போகிறது. ஆப்பிரிக்காவில் வெட்டப்படும் மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அடுப்புக்குத்தான். தொழிலுக்கான மரத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள், ரஷ்யா, சீனா, பிரேசில், கனடா ஆகியவை முன்னால் நிற்கின்றன.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ஒரு நீதிக்கதை தானாகவே கிடைத்துவிடும். வடக்கே மரமும் வெட்டுறாங்க, காடும் குறையல. ஆகவே அங்கே நிர்வாகம் இருக்கிறது. தெற்கே விறகு வெட்டியே காட்டைத் தின்கிறார்கள்; ஆகவே அங்கே வறுமையும் அறியாமையும் இருக்கின்றன. ஆசியா இப்போதுதான் பாடம் கற்றுத் திருந்திக்கொண்டிருக்கிறது. 'வளர்ச்சி' என்கிற பெருங்கதையாடலின் வனப் பிரதி இது. எண்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவதால் யாரும் இதைக் கதை என்று சந்தேகிப்பதில்லை.

எண்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணுவதற்கு முன்னாலேயே சில முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. மேற்சொன்ன ஐரோப்பாக் கணக்கில் 81.5 கோடி ஹெக்டேர் ரஷ்யாவுடையது. சைபீரியா முழுக்க ஐரோப்பாவில் சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. அதைக் கழித்தால் ஐரோப்பாவுக்கு மிஞ்சுவது 20 கோடி. மரங்களை மொட்டையாக வெட்டிவிட்டாலும் அங்கே மறுபடி மரம் வளர்க்கப்படும் என்றால் அந்த நிலம் 'காடு' என்றே பட்டியலில் நீடிக்கும். இந்தியாவின் வன அளவைத் துறை 1987 முதல் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து சதவீதம் மர நிழல் தெரிந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. தென்னந்தோப்பும் பழத்தோட்டமும் அதில் அடக்கம். ஆகாயத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்.

இதையெல்லாம்விட முக்கியமான இடைவெளி ஒன்று உண்டு. வனப்பரப்புப் பட்டியல் மரம் நிற்கிற இடத்தைச் சொல்கிறது. உற்பத்திப் பட்டியல் மரம் விழுகிற இடத்தைச் சொல்கிறது. விழுந்த மரம் யாருடைய வீட்டு நிலையாகவும் கதவாகவும் ஆகிறது என்பதற்கு இரண்டிலும் இடமில்லை. வணிகப் புள்ளிவிவரம் மூன்றாவதாக வேறொரு புத்தகத்தில் கிடக்கிறது. காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் புரட்டுவதில்லை. ஆக, இரண்டு பட்டியலுக்கும் நடுவே ஒரு துறைமுகம் விடுபட்டுப்போகிறது. அந்தத் துறைமுகத்தில் நின்றுகொண்டு பட்டியலைத் திருப்பி வாசித்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்குத் தெரிந்த துறைமுகம் தூத்துக்குடி.

2

தூத்துக்குடிக் கரை காடில்லாத கரை. தேரி மணல், பனை, உடைமரம், உப்பளம், இவ்வளவுதான். ஆனால் கடல் தொழிலுக்கு மரம் வேண்டும். கட்டுமரத்துக்கு இலேசான தடி வேண்டும். வள்ளத்துக்கு அயினியோ மாவோ வேண்டும். கொழும்புக்குப் போன தோணிகளுக்கு வலுவான பலகை வேண்டும். இவை பெரும்பாலும் மேற்குமலையிலிருந்தும் அதற்கு அந்தப்புறமிருந்தும் வந்தவை. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் சோழமண்டலக் கரைக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. வீட்டுக் கூரையின் கைமரமும் கடல் தாண்டி வந்தது. பரதவரின் கடல் வாழ்க்கை என்று நாம் பேசுவதற்கு அடியில் எப்போதும் யாரோ ஒருவருடைய மலை இருந்திருக்கிறது.

மலைக்கும் துறைக்கும் உள்ள உறவு இன்னொரு வழியிலும் தெரியும். சங்க காலத்து முத்துத்துறையான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்க, துறை காயலுக்கு நகர்ந்தது, காயலும் தூர்ந்தது. புன்னைக்காயல், தூத்துக்குடி எனத் துறைகள் கரையோரமாகவே இடம் மாறியிருக்கின்றன. கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இதை எழுதி வைத்திருக்கிறார். பொதிகை மலையின் மண்தான் துறைமுகங்களின் ஆயுளைத் தீர்மானித்தது.

அந்தக் காலத்தில் மரம் எந்தத் திசையில் போனது என்பதும் கவனிக்க வேண்டியது. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே என்ற ரோமானியர் காலத் துறைமுகத்தை அகழ்ந்தபோது இந்தியத் தேக்கு ஏராளமாகக் கிடைத்தது. கப்பல்களில் இருந்த மரத்தைப் பிரித்துக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தேக்கு இங்கிருந்து மேற்கே போனது. இன்று மேற்கேயிருந்து இங்கே வருகிறது. திசை எப்படித் திரும்பியது?

3

பதில் காலனியத்தின் கப்பல் பட்டறையில் தொடங்குகிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்குக் கருவாலி மரம் பற்றாக்குறையானது. மலபார்த் தேக்கின் மேல் கண் விழுந்தது. 1806இல் கேப்டன் வாட்சன் மலபார் காடுகளுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 'காப்பு' என்றால் இங்கே பம்பாய்க் கப்பல் பட்டறைக்கு மரத்தைக் காப்பது. 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த மரம் நின்ற காடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறவர் இல்லை.

மலபார் காடு வற்றியதும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, 1840களில் கலெக்டர் கொனொலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். மற்றது, 1852இல் கீழ் பர்மா பிடிக்கப்பட்டது. பெகு நாட்டுத் தேக்கைக் காடு வாரியாக எண்ணி, சுற்றளவு வாரியாகப் பிரித்து, ஆண்டுக்கு எத்தனை தடி வெட்டலாம் என்று சூத்திரம் போட்ட ஜெர்மானியர் பிராண்டிஸ்தான் 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரி ஆனார். பிறகு 1865, 1878 வனச் சட்டங்கள். நம் பக்கத்தில் 1882 மதராஸ் வனச் சட்டம். இந்திய வனத்துறையின் அறிதல்முறை பர்மாத் தேக்கிலிருந்து பிறந்தது என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. ரயில் இதைத் துரிதப்படுத்தியது. ஒரு மைல் பாதைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் மரக்கட்டைகள் வேண்டும். ஆரம்பத்தில் தென்னிந்திய எஞ்சின்கள் விறகில்தான் ஓடின. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது.

இந்த வரலாற்றின் உச்சக்காட்சி ஒரு தடிக்கணக்குச் சண்டை. 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா வர்த்தகக் கார்ப்பரேஷன் மேல் பர்மாவில் மன்னரிடம் குத்தகைக்குக் காடு எடுத்துத் தேக்கு வெட்டியது. வெட்டிய தடிகளைக் குறைத்துக் காட்டி மன்னருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை என்று மண்டலே அரசவை 1885இல் கம்பெனிக்குப் பெருந்தொகை அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து அந்த வருஷ நவம்பரில் பிரிட்டிஷ் படை ஆற்றில் ஏறியது. 1886 ஜனவரி முதல் நாள் பர்மா முழுக்கப் பேரரசில் சேர்க்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் மேலுள்ள பயம் போன்ற காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் எத்தனை தடி என்கிற கேள்வியிலிருந்து ஒரு நாடு காணாமல் போக முடியும் என்பது மர உற்பத்திப் பட்டியலை வாசிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய விஷயம்.

இதே கம்பெனி 1929இல் நம் தாமிரபரணியின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்டது. அதுதான் மாஞ்சோலை. மண்டலேயின் தேக்கும் மாஞ்சோலையின் தேயிலையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

4

காட்டை எண்ணுகிற முறைக்கும் முத்துச் சிப்பியை எண்ணுகிற முறைக்கும் உள்ள ஒற்றுமை இந்தக் கரையில் நிற்கிறவனுக்குத்தான் சட்டென்று தெரியும். மன்னார் வளைகுடாவில் சிப்பி வளரும் பாறைத்தளங்களுக்குப் 'பார்' என்று பெயர். முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடப்பதில்லை. முதலில் பார்களைப் பரிசோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, முத்தை மதிப்புப் போட்டு, லாபம் உண்டு என்று தெரிந்தால்தான் குளிப்புக்கு அறிவிப்பு வரும். எடுத்த சிப்பியில் பெரும்பங்கு சர்க்காருக்கு, மிச்சம் குளிப்பவனுக்கு. பல வருஷம் பார்கள் வெறுமையாகவே கிடந்து திரும்பத் துளிர்த்தன.

வனத்துறையின் 'செயல்திட்டம்' இதே தர்க்கத்தில் இயங்குவது. இருப்பை மதிப்பிடு, விளைச்சலைக் கணி, அந்த அளவுக்கு மட்டும் எடு. அரசு தான் விற்கப்போவதை மட்டும் நுணுக்கமாக எண்ணுகிறது. இந்தக் கணக்கு எடுப்பதற்கான கணக்கு. பார் ஏன் பிழைக்கிறது, எதனால் சாகிறது என்பதை அது சொல்லாது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, சிப்பி இல்லை. காட்டின் இருப்பையும் மர விளைச்சலையும் ஒரே தாளில் எழுதிவிட்டால் காடு பத்திரம் என்று நம்புகிறவர்கள் இந்தப் பார்களின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

5

இனி சமீப காலம். 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2011 முதல் அதற்கு வ.உ.சி. பெயர். 1906இல் சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயர் தாங்கிய துறையில் இறங்குபவற்றில் வெளிநாட்டுத் தடியும் ஒன்று என்பதை ஒரு முரணாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். அதைவிட அந்தத் தடி ஏன் வந்தது என்று கேட்பது உபயோகமானது.

1988 தேசிய வனக் கொள்கை காட்டை வருமானத்துக்கான இடமாகப் பார்ப்பதைக் கைவிட்டது. சூழல் சமநிலையே முதல் நோக்கம் என்றது. அதே கொள்கை, மர இறக்குமதியைத் தாராளமாக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாமல் நாட்டில் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று ஆணையானது. கொனொலியின் தேக்கு நின்ற அதே நிலம்பூர். தீர்ப்பு அவசியமானது, அதனால் பிழைத்த காடுகள் உண்டு. ஆனால் வீடு கட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. நகரங்கள் வீங்கின, நிலையும் கதவும் கட்டிலும் வேண்டியிருந்தன. நம்ம காட்டில் வெட்டக் கூடாது என்றால் வேறு யாருடைய காட்டிலாவது வெட்டித்தானே ஆகணும்?

இந்தியாவுக்கு வரும் தடியில் பெரும்பகுதி குஜராத்தின் காண்ட்லாவில் இறங்குகிறது. தெற்கே தூத்துக்குடி ஒரு வாசல். மலேசியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும், பிறகு ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் மரம் வந்தது. 2010–2020 பத்தாண்டுக்கான ஐ.நா. அறிக்கையில் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். இந்தியா ஆண்டுக்கு 2.66 லட்சம் ஹெக்டேர் காட்டைக் கூட்டியிருக்கிறது. உலகில் மூன்றாம் இடம். மியான்மர் ஆண்டுக்கு 2.9 லட்சம் ஹெக்டேரை இழந்திருக்கிறது. இழப்பில் ஏழாம் இடம். கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு எண்கள். 2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை அதன் தடிகளை அதிகம் வாங்கிய நாடு இந்தியா.

இதை ஒன்றுக்கு ஒன்று என்று நேர்செய்துவிட முடியாது. மியான்மரில் காடழிந்ததற்கு ரப்பரும் எண்ணெய்ப் பனையும் உள்நாட்டுப் போரும் ராணுவத்தின் மர வியாபாரமும் காரணம். இந்தியாவில் கூடியதாகச் சொல்லப்படும் காட்டில் எவ்வளவு தைலமரம், எவ்வளவு தோப்பு என்பது தனிக் கேள்வி. எண்களே உறுதியாக நிற்பதில்லை. 2015 அறிக்கையில் இதே மியான்மரின் ஆண்டு இழப்பு 5.46 லட்சம் ஹெக்டேர் என்று இருந்தது. ஆனால் ஒரு வரியில் பாராட்டும் மறு வரியில் கண்டனமும் எழுதப்படுகிறபோது, அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே கப்பல் ஓடியது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இது இந்தியாவின் தனிக் கதையும் அல்ல. ஜப்பானின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. ஆனால் 2002இல் அந்த நாடு பயன்படுத்திய மரத்தில் உள்நாட்டு மரம் 20 சதவீதம்கூட இல்லை. பிலிப்பைன்ஸ், சபா, காலிமந்தான் என்று ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு மரம் ஜப்பானுக்குப் போன பத்தாண்டுகளில் ஜப்பானின் மலைகள் பச்சையாகவே நின்றன. 1988 வெள்ளத்துக்குப் பிறகு 1989இல் தாய்லாந்து மரம் வெட்டத் தடை போட்டது. தாய்லாந்துக் கம்பெனிகள் பர்மா எல்லைக்குள் போயின. 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு சீனா இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. சீனாவின் மர இறக்குமதி ஏறியது. விற்கும் நாடுகளும் தடை போட்டுப் பார்த்தன: இந்தோனேசியா 1985, காபோன் 2010, மியான்மர் 2014. ஒவ்வொரு தடைக்குப் பின்னும் கோடரி அடுத்த காட்டுக்கு இடம் பெயர்ந்தது. தடை போட்டவர்களில் சிலரின் வனப்பரப்பு வரி உயர்ந்தது. வேறு யாருடையதோ இறங்கியது.

தேக்குக்கே திரும்புவோம். இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளே தேக்கின் தாயகம். பர்மா விதையை வைத்து 1913இல் டிரினிடாடில் தேக்கு நட்டார்கள். அப்படிப் பேரரசின் வழியாகப் பரவிய மரம் இன்று கானாவிலும் பெனினிலும் கோஸ்டாரிகாவிலும் ஈக்வடாரிலும் வரிசை வரிசையாக நிற்கிறது. இளமையிலேயே வெட்டப்பட்டு இந்தியாவுக்கு வருகிறது. நம் மரவாடிகளில் 'பர்மா தேக்கு' என்பது இன்று பல இடங்களில் தரத்தின் பெயர்தான். ஊரின் பெயர் அல்ல. ஆப்பிரிக்காவின் அந்த ஹெக்டேர்கள் வனப்பரப்புக் கணக்கிலும் 'காடு' என்றே ஏறும்.

அளக்கிற கோலையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தடி வியாபாரத்தில் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயரின் பதினெட்டாம் நூற்றாண்டு வாய்பாடு இன்னும் புழங்குகிறது. தடியின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. இப்படிக் கணக்கிட்டால் உருளையின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும். அறுக்கும்போது கழிவாகப் போவதை முன்கூட்டியே கழித்துவிடும் முறை இது. ஆக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரம் வாங்கும்போதே கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. வியாபாரிக்கு நியாயமான ஏற்பாடுதான். காட்டுக்கு அப்படிக் கழிவு கிடையாது. மரம் முழுசாகத்தான் விழுகிறது.

6

இனி விறகு. உலகிலேயே அதிக விறகு எரிக்கும் நாடு இந்தியா என்று அதே பட்டியல் சொல்கிறது: ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி கன மீட்டர். தொழிலுக்கான மரம் 5 கோடிக்குச் சற்றுக் குறைவு. இதை வைத்துக்கொண்டு தலைச்சுமை விறகுக்காரியைக் காட்டின் எதிரி என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! நம்ம மாவட்டத்தில் அந்த விறகு எது என்று பார்த்தால் பெரும்பாலும் கண்மாயிலும் தரிசிலும் மண்டிய சீமைக்கருவேலமும், பனையிலிருந்து விழுந்த மட்டையும். அது எந்தக் கப்பலிலும் ஏறுவதில்லை. அது யாருடைய மழைக்காட்டையும் வெட்டி வருவதுமில்லை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களின் குச்சி கேரளத்து மென்மரத்திலிருந்து வருகிறது; அந்தக் குச்சியை அடுக்கிய கைகளுக்குக் காட்டில் எந்தப் பங்கும் இல்லை. ஏழையின் மரம் கன மீட்டரில் பெரிதாகத் தெரிகிறது, பணக்காரனின் மரம் சிறிதாகத் தெரிகிறது. ஒன்று சுள்ளி, மற்றது நூறு வருஷத்துத் தடி என்ற பேதத்தைக் கன மீட்டர் அழித்துவிடுகிறது.

மாஞ்சோலைக்கு வருவோம். 1999 ஜூலை 23ஆம் தேதி கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் போன தொழிலாளர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். தோட்டம் இருக்கும் மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. குத்தகை 2028இல் முடியும் என்ற நிலையில் 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை நீட்டியது. மூன்று, நான்கு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள், மலையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. காடு மீள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிற யாருக்கும் இருக்க முடியாது. ஆனால் அந்த 8,373 ஏக்கர் நாளைக்கு வனப்பரப்புப் பட்டியலில் வரவாக ஏறும்போது, அதற்கு விலை கொடுத்தது யார் என்ற கேள்வி பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும். மண்டலேயில் தடிக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கம்பெனி லாபத்தோடு இரண்டு காடுகளையும் கடந்துபோயிருக்கிறது. காட்டோடு இருந்தவர்கள் வீடில்லாமல் இறங்கியிருக்கிறார்கள்.

ஆகவே கண்டங்களின் வனப்பரப்பை ஒப்பிட வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. ஒப்பிடும்போது இன்னும் இரண்டு பத்திகள் சேர்க்க வேண்டும் என்கிறேன். ஒன்றில், இந்த நாடு தன் எல்லைக்கு வெளியே எத்தனை கன மீட்டர் காட்டை, எந்தத் துறை வழியாக வாங்கியது என்று எழுத வேண்டும். மற்றதில், எல்லைக்குள் காட்டைக் கூட்டுவதற்காக யாரை இறக்கிவிட்டது என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் ஆவணங்கள் இருக்கின்றன: சுங்கப் பதிவுகளும் துறைமுகப் பதிவுகளும், குத்தகைப் பத்திரங்களும் நீதிமன்றத் தாள்களும். அவற்றை வனக்கணக்கு என்று நாம் இதுவரை வாசித்ததில்லை. அப்படி வாசிக்கத் தொடங்கினால், உலக வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிற இடங்கள் பலவற்றின் கடன் பாக்கி தெரியவரும். இந்தியாவின் பாக்கியும் அதில் சேர்ந்தே வரும்.